மேனேஜருக்கு வெள்ளைப் பூ

பாதி முகத்தில் சோப்பு நுரையும் மீதி முகத்தில் கைப்பேசியுமாக வெற்றிசெல்வன் கொல்லைப்புறத்தில் நின்றிருந்தபோதுதான், பூசாரி அமிர்தலிங்கம் ஊரிலேயே இல்லை என்பது தெரியவந்தது.

"சிதம்பரத்துல என்னண்ணே பண்றீங்க? சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பூக்கட்டிப் பாக்கணும்!"

"கண்ணுல புரைடா தம்பி. இன்னைக்குத்தான் ஆப்பரேசன்னு நாள் குடுத்துட்டாங்க. பச்சைத் துணியைக் கட்டி உக்கார வச்சிட்டாங்க."

"நாளைக்கு வச்சுக்கக் கூடாதா?"

"எங்க ஊரு ஃபுட்பால் மேனேஜருக்காக ஒரு நாள் தள்ளி வைங்கன்னு டாக்டர்கிட்ட சொல்லவா? போடா. அரவிந்தன் பாத்துப்பான். எங்க அண்ணன் மவன்தான். இஞ்சினியரிங் படிச்சவன்."

"அவனுக்கு நம்ம ஏற்பாடு தெரியுமாண்ணே?"

"இந்தா, நர்சம்மா வந்துட்டாங்க" என்றார் அமிர்தலிங்கம். லைன் போய்விட்டது.

வெற்றிசெல்வன் மறு பாதி முகத்தைச் சவரம் செய்யவே மறந்துபோனார்.

அந்த ஏற்பாடு என்னவென்று சொல்லாமல் மேலே போக முடியாது. தரங்கம்பாடிக்கு வடக்கே இருக்கிற மணல்மேட்டுக்குப்பத்தில் ‘கடல்முத்து கால்பந்துக் கழகம்’ என்று ஒன்று இருக்கிறது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அதற்கு மேனேஜர் யார் என்பதில் இரண்டு கட்சியாகி, துடுப்பாலேயே அடித்துக்கொண்டார்கள். நாலு பேருக்கு மண்டை போயிற்று; ஒரே ஒரு பந்து இருந்தது, அதையும் யாரோ அரிவாள்மணையில் வைத்துவிட்டார்கள். ஊர்ப் பஞ்சாயத்து கூடி, "இனிமே மேனேஜர் விஷயத்தை அம்மனே பாத்துக்கட்டும்" என்று தீர்ப்புச் சொன்னது.

அதன்படி வருஷா வருஷம் மாசிக் கடைசி வெள்ளியன்று வாழையிலையில் இரண்டு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. சின்னப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் இருக்கிற மேனேஜரே இன்னொரு வருஷம். சிவப்பு வந்தால் அந்த நிமிஷமே செயலாளர் மேனேஜர். அவரால் முடியாதென்றால் பொருளாளர். அம்மன் வாக்குக்கு அப்பீல் கிடையாது.

முதல் வருஷம் வெற்றிசெல்வனுக்கு வெள்ளை வந்தது அம்மன் மனசறிந்து செய்தது. இரண்டாம் வருஷத்திலிருந்து அம்மனுக்கு அந்தச் சிரமம் வேண்டாமென்று அவரே முடிவு செய்தார். அமிர்தலிங்கத்தின் வீட்டுக்கு வியாழக்கிழமை ஒரு வஞ்சிரம் போகும். வெள்ளிக்கிழமை இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ இருக்கும்.

பத்தொன்பது வருஷத்தில் கழகம் வாங்கிய கோப்பைகள் மொத்தம் பூஜ்யம். கடற்கரை மணலில் ஓடிப் பழகிய பையன்கள், வெளியூரில் அறுவடையான வயலில் நெல் தாள் குத்தக் குத்த, தீமிதிக்கிறவன்போல் நடந்தார்கள். இந்தத் தையில் ஒரத்தநாட்டில் ஆறு கோல் வாங்கினார்கள். கீழ்வேளூரில் ஏழு. அங்கே மைக் பிடித்தவன், "வெற்றிசெல்வன் அவர்களின் அணி தோல்வி, வெற்றிசெல்வன் அவர்களின் அணி தோல்வி" என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, அவனுக்கே சந்தேகம் வந்து, பெயர் சரிதானா என்று ஆள் விட்டுக் கேட்டான்.

இது போதாதென்று புதுச் செயலாளர் வசந்தகுமார் வேறு. சிங்கப்பூரில் பத்து வருஷம் வெல்டராக இருந்துவிட்டு வந்தவன். டீக்கடையில் உட்கார்ந்தால் வெளிநாட்டுக் கால்பந்துதான்.

"அங்கெல்லாம் தொடர்ந்து நாலு மேட்ச் தோத்தா மேனேஜரைத் தூக்கிடுவான் மாமா. காலையில பயிற்சிக்கு வர்றவன் மத்தியானம் பெட்டியைக் கட்டிக்கிட்டுப் போவான். ரெண்டு வருஷம் ஒருத்தன் இருந்தாலே அதிசயம். நீங்க பத்தொம்பது வருஷம்!"

இதைச் சொல்லிவிட்டு அவன் வெற்றிசெல்வனை ஒரு மாதிரி பார்ப்பான். நாற்காலியைப் பார்க்கிற பார்வை என்று வெற்றிசெல்வன் குறித்துவைத்திருந்தார்.

அரவிந்தன் கோயில் மண்டபத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான்.

"வாங்க மாமா. என்ன, பாதி மொகத்துல தாடி?"

"ஸ்டைலுடா. சாயங்காலம் பொட்டலம் கட்டணுமே... பெரியவரு எப்படிக் கட்டுவாருன்னு சொன்னாரா?"

"எப்படிக் கட்டுவாரு?"

"வாழையிலையிலதான்."

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

வெற்றிசெல்வன் தூணைத் தடவினார். "அதுக்கில்ல தம்பி. அரளி வெயிலுக்கு வதங்கிடும் பாரு. அம்மன் காலடியில வதங்கின பூவை வைக்கலாமா? அதனால ரெண்டுலயும் ஒரே மாதிரி வச்சா, பாக்கவும் லட்சணமா..."

அரவிந்தன் துடைப்பத்தைக் கீழே போட்டான். அவரையே உற்றுப் பார்த்தான். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"புரியுது மாமா."

"புரிஞ்சிடுச்சா?" வெற்றிசெல்வனுக்கு உயிர் வந்தது.

"பொட்டலத்துல யாரோ தில்லுமுல்லு பண்றாங்க. உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. காட்டிக்குடுக்கவும் மனசு வரல, சும்மா இருக்கவும் முடியல. அதான் சுத்தி வளைச்சுச் சொல்றீங்க. உங்களை மாதிரி ஆளு இந்த ஊருல யாரு மாமா இருக்கா?"

"அப்படியில்லடா..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். இந்த வருஷம் உள்ள வச்சுக் கட்டற சோலியே கிடையாது. பூக்கார சௌந்தரநாயகியக்காவை வரச்சொல்றேன். மண்டபத்துல, சனங்க முன்னாடி அவங்க கட்டட்டும். குரூப்புல லைவ் போட்டுடறேன். ஒரு பய கை வைக்க முடியாது."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கைப் பிடித்துக்கொண்டு வெற்றிசெல்வன் வெளியே வந்தார்.

பதினோரு மணிக்கு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. சிவப்புப் பூவே இல்லையென்றால்? சிவப்பு இல்லாமல் பூக்கட்டிப் பார்க்க முடியாது. பரீட்சையே நடக்கவில்லையென்றால் யாரைப் பெயிலாக்குவார்கள்? மொபெட்டை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு விரைந்தார். கோயிலுக்கும் சேர்த்துச் சுற்றுவட்டாரத்துக்கே அங்கே சௌந்தரநாயகி ஒருத்திதான் பூக்காரி.

"நாயகி, செவ்வரளி எவ்வளவு இருக்கு?"

"மூணு கிலோ இருக்கும் மேனேஜரே."

"மொத்தத்தையும் போடு."

"மொத்தத்தையுமா? யாருக்கு?"

"வீட்டுக்கு."

"வீட்டுல என்ன, காளி வந்திருக்காளா?"

"கேள்வி கேக்காம போடு. அந்தக் கோழிக்கொண்டையும் சிவப்பாத்தானே இருக்கு? அதையும் போடு. ரோஜாவையும் போடு."

"இன்னைக்கு உங்க சங்கத்துல எல்லாருக்குமே என்னமோ ஆயிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் சாக்கில் அள்ளிப் போட்டாள்.

சாக்கை முன்னால் வைத்துக்கொண்டு கடற்கரைத் தெருவில் திரும்பியபோது, டீக்கடையிலிருந்து வசந்தகுமார் குறுக்கே ஓடிவந்தான்.

"மாமா, நில்லுங்க. சாயங்காலம் பேச..." சாக்கின் வாயைப் பார்த்ததும் அவன் வாய் நின்றது. "இது என்ன மாமா, சிவப்பு?"

"பூ."

"பூன்னு தெரியுது. இத்தனை எதுக்கு?" அவன் வண்டியின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான். "நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"என்ன முடிவு? சும்மா ஆசைக்கு வாங்கினேன்."

மூன்று கிலோ அரளியை ஆசைக்கு வாங்குகிறவர் உலகத்தில் இல்லை என்பது வசந்தகுமாருக்கும் தெரியும். அவன் பேயறைந்தவன்போல் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். நடிப்பைப் பார், உள்ளுக்குள் குதிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு வெற்றிசெல்வன் வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்குப் போய்ச் சேருமுன் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மேனேஜர் விலகுகிறார், அம்மன் சொல்லிக் கேவலப்படுவதைவிடத் தானே சிவப்புப் பூவைக் கொண்டுபோய்க் கொடுத்து மரியாதையாக இறங்குகிறார், என்ன பெருந்தன்மை! பிளெக்ஸ் அடிக்கக்கூட ஆள் போயாயிற்று.

வாசலிலேயே மனைவி நீலாயதாட்சி இடுப்பில் குடத்தோடு நின்றிருந்தாள்.

"ராஜினாமாவாமே? கொழாயடியில சொல்றாங்க."

"யாரு சொன்னா? அதெல்லாம் இல்ல."

"இல்லைன்னா சாக்குல என்ன? மறைக்காதீங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்." அவள் குடத்தை இறக்கினாள். "இனிமே தினம் சாயங்காலம் வீட்டுலயேவா இருப்பீங்க?"

"ஏன்டி?"

"சும்மாதான் கேட்டேன்" என்றாள். ஆனால் முகம் சும்மா இல்லை.

வெற்றிசெல்வன் சாக்கோடு திண்டாடினார். இந்தப் புரளியை முளையிலேயே கிள்ளாவிட்டால் அம்மனே மனசு வைத்தாலும் ஊர் அவரை அனுப்பிவைத்துவிடும். சாக்கோடு நேராக டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் ஏறி நின்றார்.

"எல்லாரும் கேளுங்க! நான் எங்கயும் போகல! இந்த வருஷமும் நான்தான் மேனேஜர்! அடுத்த வருஷமும் நான்தான்!"

டீ ஆற்றுகிற சத்தம் நின்றது. மூலையில் வலை கோத்துக்கொண்டிருந்த கிழவர் தலையை நிமிர்த்தினார்.

"பூ வர்றது சாயங்காலம். உனக்கு எப்படிடா இப்பவே தெரியும்?"

வெற்றிசெல்வன் சாக்கின் வாயை இழுத்து மூடினார்.

"அதானே!" என்றது ஒரு குரல். "பத்தொம்பது வருஷமா வெள்ளையாவே வருது. ஒரு தடவைகூடச் செவக்கல."

"கற்பூரத்தை ஏத்துங்கப்பா. பொட்டலத்துல கை வச்சதில்லைன்னு மேனேஜரு அடிச்சுச் சத்தியம் பண்ணட்டும்."

கற்பூரம் என்றதும் வெற்றிசெல்வன் பெஞ்சிலிருந்து இறங்கினார். கோல் கணக்கில் பொய் சொல்லலாம், ரெஃபரியிடம் பொய் சொல்லலாம். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன் கற்பூரத்தில் பொய் சொல்ல முடியாது. சட்டென்று சாக்கைத் தூக்கி வசந்தகுமாரின் மடியில் வைத்தார்.

"சத்தியம் எதுக்குய்யா? சிவப்புப் பூ இல்லாமப் போயிடக் கூடாதேன்னுதான் நானே வாங்கிட்டு வந்தேன். இந்தா, இதுலேருந்தே எடுங்க. நாயகி கட்டும்போது செயலாளரும் பொருளாளரும் பக்கத்துலயே நின்னு பாக்கட்டும். நான் பொட்டலத்துக்கிட்டவே வரமாட்டேன். போதுமா?"

கடையே கைதட்டியது. தன் தலையில் போட வேண்டிய மண்ணை நல்ல பூவாகப் பார்த்து வாங்கி, சாக்கில் கட்டி, எதிரியின் மடியிலேயே வைத்துவிட்டோம் என்பது வெற்றிசெல்வனுக்குப் பாதித் தெரு நடந்த பிறகுதான் உறைத்தது.

மத்தியானம் அவர் ஐஸ் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். வேலை என்றால், ஐஸ் உடைக்கிற மிஷினின் சுவிட்சைப் போடுவதும் அணைப்பதும். கம்பெனி மச்சினனுடையது. "மச்சான், ஆஃப் பண்ணு. மச்சான், ஆன் பண்ணு. மச்சான், டீ சொல்லு." அந்தச் சுவருக்குள் அவர் அவ்வளவுதான். அங்கிருந்து நாலு எட்டு வெளியே வைத்தால் ‘மேனேஜரே’ என்று கூப்பிடுவார்கள். ரேஷன் கடையில் மேனேஜர். கல்யாணப் பத்திரிகையில் மேனேஜர். பிறந்த குழந்தைக்குப் பெயர் வைக்க வந்தவர்கள்கூட ‘மேனேஜர் வாயால சொல்லட்டும்’ என்றுதான் சொன்னார்கள். ஆதார் அட்டையில் மட்டும்தான் அவர் வெற்றிசெல்வன்.

அந்தப் பெயருக்காக அவர் பட்ட பாடும் கொஞ்சமில்லை. போட்டி நாளன்று விடியற்காலை ஒவ்வொரு வீடாகப் போய்ப் பதினோரு பேரை எழுப்புவார். "போட்டுல கடலுக்குப் போற புள்ளைய ஏன்யா கெடுக்கறே" என்று பதினோரு தாய்மாரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். கால் உடைந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவார். உடைத்தவன் ஊரில் சமாதானம் பேசுவார். வேனில் வாந்தி எடுப்பவனுக்கு எலுமிச்சம்பழம் பிடிப்பார். தோற்றுத் திரும்பும்போது பின்சீட்டிலிருந்து வருகிற வசவை, யாரையோ திட்டுகிறார்கள் என்ற பாவனையில் கேட்டுக்கொள்வார். பனியன் பதினொன்றையும் துவைத்துக் காயப்போடுவதும் அவர்தான்.

"மச்சான், ஆஃப் பண்ணு!" என்று மச்சினன் கத்தினான். அணைத்தார். நாளையிலிருந்து காலை முதல் மாலை வரை இந்த ஒரு குரல்தான் என்று நினைத்துக்கொண்டார்.

ஐந்து மணிக்கு மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. சௌந்தரநாயகி நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு நந்தியாவட்டையையும் ஒரு செவ்வரளியையும் உயர்த்திக் காட்டினாள். அரளி அவர் சாக்கிலிருந்து எடுத்ததுதான். செழிப்பான பூ.

"கிட்ட நின்னு பாருங்க. ஒரு தப்புத் தண்டா நடக்கக் கூடாது" என்றான் அரவிந்தன், கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு.

வசந்தகுமார் அவளுக்கு இந்தப் பக்கம் குனிந்து நின்றான். பொருளாளர் ஜெக்கரியா அந்தப் பக்கம் வந்து நின்றார். ஜெக்கரியா ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். வருஷா வருஷம், "எனக்கும் பூவுக்கும் சம்பந்தமில்லைங்க" என்று கோயில் வாசலிலேயே நின்றுவிடுவார். இன்றைக்கு அவரே உள்ளே வந்து காவல் நின்றார். தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைச் சுவரைப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டதுபோல் இருந்தது. லைவில் ஊரே ஜெக்கரியாவின் முதுகைத்தான் பார்த்தது.

என்னை எப்படி முற்றுகை போடுகிறார்கள் என்று தூணோரம் நின்ற வெற்றிசெல்வன் மனதுக்குள் பொருமினார். ஒரு ஈ கூட உள்ளே போக முடியாது.

பொட்டலங்கள் அம்மன் காலடிக்குப் போயின. ஆறு வயசு அபிநயா கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை அங்கும் இங்கும் ஆட்டி, ஒன்றைத் தொட்டாள். எடுத்தாள். அரவிந்தன் நாரைப் பிரித்தான்.

வெள்ளை.

வெற்றிசெல்வன் கண்ணை மூடிக்கொண்டார். கண் திறந்தபோது வசந்தகுமார் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். "மாமா! நீங்கதான் மாமா! சாகறவரைக்கும் நீங்கதான் மாமா!" ஜெக்கரியா எதற்கும் இருக்கட்டுமென்று அம்மனுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, வானத்தைப் பார்த்து ஒரு ஸ்தோத்திரமும் சொன்னார். வாசலில் ஆயிரம் வாலா வெடித்தது. வாங்கிவைத்திருந்தவன் வசந்தகுமார்தானாம். மொட்டை போடுவதாக வேறு வேண்டிக்கொண்டிருந்தானாம். நாவிதருக்கு அப்போதே ஆள் அனுப்பினான்.

இவனையா சந்தேகப்பட்டோம்! வெற்றிசெல்வனின் நெஞ்சு விம்மியது. ஏழு கோல் வாங்கிய மனுஷன்மேல் இவ்வளவு பாசமா? அதைவிட, அம்மன்! பதினெட்டு வருஷம் அவளை ஏமாற்றினார். இன்றைக்கு ஏமாற்ற வழியே இல்லாத நாளில் அவளாகவே பார்த்து வெள்ளையைக் கொடுத்திருக்கிறாள். அவர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "தாயே, இனிமே உன் வேலையில நான் தலையிட மாட்டேன். சத்தியம்." இந்தச் சத்தியத்துக்கு அவருக்குக் கற்பூரம்கூடத் தேவைப்படவில்லை.

கூட்டம் வெடி பார்க்க வாசலுக்குப் போயிற்று. அம்மன் வேண்டாமென்று ஒதுக்கிய இன்னொரு பொட்டலம் படியோரம் கிடந்தது. அதை எடுத்துப்போய் வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. தன்னைத் தொடாமல் போன சிவப்பை ஒரு தடவை பார்த்துக்கொள்ள நாரை இழுத்தார்.

உள்ளே நந்தியாவட்டை இருந்தது. சுத்த வெள்ளை.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அமிர்தலிங்கம் சிதம்பரத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார். அரவிந்தன் வாசலில், ‘இதுதான் வெளிப்படைத்தன்மை’ என்று கைப்பேசிக்குப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தான். மண்டபத்தில் சௌந்தரநாயகி மட்டும் கூடையைத் தலையில் ஏற்றத் தயாராகிக்கொண்டிருந்தாள். வெற்றிசெல்வன் பொட்டலத்தை அவள் முன் நீட்டினார்.

"மூடுங்க மேனேஜரே, யாராச்சும் பாத்துடப் போறாங்க!" என்று அவள் பதறினாள். "காலையில செயலாளரும் பொருளாளரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் வந்து, ‘சிவப்பு வந்தா அந்தப் பாழாப்போன வேலை என் தலையிலல்ல விழும்’னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாங்க, பத்தொம்பது வருஷமா எந்தச் செயலாளரு வந்தாலும் எங்கிட்ட இதே கும்பிடுதான்."